வெர்ஷன் ஒண்ணுக்கே சங்கு ஊதலாமா?

புதுப் படம் ரிலீஸான அன்னிக்கு இன்டர்வெல்லிலேயே ரிசல்ட் சொல்லிடுவாங்க நம்ம ஆளுங்க. 'மொக்கை மச்சி, காசு தண்டம்!' அவ்வளவுதான். ரெண்டு வருஷ உழைப்புக்கு ரெண்டே வார்த்தையில் தீர்ப்பு. சரி, படத்துக்காவது ஓ.கே. மூணு மணி நேரத்தில் முடிஞ்சு போகிற சமாச்சாரம். அதே ஸ்பீடில் ஒரு டேப்லெட்டுக்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தீர்ப்பு எழுதினால்?

எழுதினோம். ஒரு தடவை இல்லை, பல தடவை!

குற்றவாளிக் கூண்டில் இப்போ ரெண்டு பேரை ஏத்துறேன். முதல் ஆள், ஆகாஷ். 2011-ல் நம்ம நாட்டு மாணவர்களுக்காக வந்த மலிவு விலை டேப்லெட். ரெண்டாவது ஆள், பார்ஓஎஸ். 2023 ஜனவரியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்திலிருந்து வந்த மொபைல் ஆபரேட்டிங் சிஸ்டம். ரெண்டு பேரும் வந்த அன்னிக்கே செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டவங்க. 'ஸ்லோ', 'டச் வேலை செய்யல', 'காப்பி', 'ஸ்டிக்கர் ஒட்டினது' என்று குற்றப்பத்திரிகை ரொம்ப நீளம்.

இவங்களுக்காக ஆஜராகிற வக்கீல் அடியேன். ஃபீஸ் எல்லாம் வேண்டாம் பாஸ், நேரு வீதி பக்கம் வந்தா ஒரு டீ போதும். வாதத்தைக் கேட்டுட்டு தீர்ப்பை நீங்களே சொல்லுங்க.

குற்றச்சாட்டு 1: 'டப்பா டேப்லெட்!'

முதல்ல பயோடேட்டா. 2010 ஜூலையில் மத்திய மனிதவள அமைச்சரா இருந்த கபில் சிபல் ஒரு மாதிரிக் கருவியைக் காட்டி, '35 டாலர்தான் இலக்கு' என்று அறிவித்தார். 2011 அக்டோபர் 5-ம் தேதி டெல்லியில் ஆகாஷ் அறிமுகம். டேட்டாவிண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. கூட்டணியில் ஐ.ஐ.டி. ராஜஸ்தான்.

உள்ளே என்ன இருந்தது? 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ராம், 7 இன்ச் திரை, ஆண்ட்ராய்டு 2.2, வைஃபை, ரெண்டு யு.எஸ்.பி. போர்ட். அரசு வாங்கிய விலை சுமார் 2,250 ரூபாய்.

விமர்சகர்கள் கையில் எடுத்தாங்க. விரலை வைச்சாங்க. நகரலை. அழுத்தினாங்க. கொஞ்சம் யோசிச்சு நகர்ந்தது. 'ஐபேட் மாதிரி இல்லையே!' என்று எழுதிட்டாங்க.

அட, இருக்காதுங்க! அதே 2011 ஏப்ரலில் ஐபேட் 2 இந்தியாவுக்கு வந்தப்போ அதன் ஆரம்ப விலை 29,500 ரூபாய். கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்க. ஒரு ஐபேட் காசில் 13 ஆகாஷ்! நம்ம கிளாஸில் நாலு பெஞ்சுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துடலாம். சைக்கிளைப் பிடிச்சு, 'நீ ஏன் புல்லட் மாதிரி ஓடலை?' என்று கேட்கிறது ரிவ்யூ இல்லை, ரேகிங்!

அந்த டச் ஸ்கிரீன் விவகாரத்தை மட்டும் கொஞ்சம் டெக்னிக்கலா பார்த்துடலாம். பயப்படாதீங்க, வைவா மாதிரி படுத்த மாட்டேன்.

டச் திரையில் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு ரெசிஸ்டிவ். மின்சாரம் கடத்தும் ரெண்டு மெல்லிய படலம், நடுவில் நூலிழை இடைவெளி. மேலே அழுத்தினா ரெண்டும் ஒட்டும். ஒட்டின இடம் எதுன்னு சர்க்யூட் கண்டுபிடிக்கும். பேனா முனையால் தொட்டாலும் வேலை செய்யும். விலை கம்மி. ஆனா லேசா தடவினா கண்டுக்காது, அழுத்தணும். இன்னொண்ணு கெபாசிட்டிவ். நம்ம விரலுக்கு மின்கடத்தும் தன்மை உண்டு இல்லையா? விரல் பட்ட இடத்தில் மின்புலம் மாறும், அதை வைச்சே இடத்தைப் பிடிச்சுடும். சும்மா தடவினாலே போதும், வழுக்கிட்டுப் போகும். அன்னிக்கு விலை ஜாஸ்தி.

முதல் ஆகாஷில் இருந்தது ரெசிஸ்டிவ். ஏ.டி.எம். மெஷின்களிலும் கடைகளின் பில்லிங் மெஷின்களிலும் பல வருஷமா உழைச்ச அதே தொழில்நுட்பம். அதை யாரும் 'டப்பா' என்று சொன்னதில்லை. ஏன்னா அதை யாரும் ஐபேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலை.

அடுத்த அடி, 'ஃபோனுக்கான பழைய ஆண்ட்ராய்டை டேப்லெட்டில் திணிச்சிருக்காங்க' என்பது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மை என்ன தெரியுமா? டேப்லெட்டுக்கென்றே கூகுள் செய்த ஆண்ட்ராய்டு 3.0, அதாவது ஹனிகோம்ப், 2011 பிப்ரவரியில் வந்தது. அதன் மூலக் குறியீட்டை கூகுள் அப்போ எல்லோருக்கும் திறந்து விடலை. திறந்த நிலையில் கிடைத்தது ஃபோனுக்கான 2.2, 2.3 ரகங்கள்தான். டேப்லெட்டுக்கும் ஃபோனுக்கும் பொதுவான 4.0-வின் மூலக் குறியீடு வெளியானது 2011 நவம்பரில். ஆகாஷ் அறிமுகமாகி ஒரு மாசம் கழிச்சு! பூட்டின வீட்டு வாசலில் நிற்கிறவனைப் பார்த்து, 'ஏன்டா உள்ளே போய் உட்காரலை?' என்றால் அவன் என்ன பண்ணுவான்?

13 மாசத்தில் என்ன நடந்தது?

இதைத்தான் நிறைய பேர் கவனிக்கலை. விமர்சனத்துக்கு அப்புறம் ஆகாஷ் அப்படியே படுத்துடலை. பொறுப்பு ஐ.ஐ.டி. பாம்பேக்கு மாறியது. 2012 நவம்பர் 11-ம் தேதி, அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2-வை அறிமுகப்படுத்தினார்.

பிராசஸர்? 1 கிகாஹெர்ட்ஸ். ராம்? 512 எம்.பி., ரெண்டு மடங்கு. டச்? கெபாசிட்டிவ்! ஆண்ட்ராய்டு? 4.0. அரசுக்கான விலை? 2,263 ரூபாய். கிட்டத்தட்ட அதே விலை!

எந்தெந்தக் குறையைச் சொல்லித் திட்டினாங்களோ, அதில் முக்கியமானவை எல்லாம் 13 மாசத்தில் சரியாச்சு. நாம ஒரு அரியர் பேப்பரை கிளியர் பண்ண எடுத்துக்கிற நேரத்தைவிட இது கம்மின்னு நினைக்கிற நண்பர்கள் என் ஹாஸ்டலிலேயே இருக்காங்க!

ஐ.ஐ.டி. பாம்பே டீம் இன்னொரு வேலையும் செய்தது. நம்ம மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்காக, ஆகாஷிலேயே சி, சி ப்ளஸ் ப்ளஸ், பைத்தான், சைலேப் புரோகிராம்கள் எழுதி ஓட்டிப் பார்க்க வசதி செய்தது. லினக்ஸையே அதில் ஓட வைத்தது. 2,263 ரூபாயில் கையடக்க கம்ப்யூட்டர் லேப்! லேபில் ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேர் உட்கார்ந்து, கீபோர்டு நடுவில் இருக்கிறவனுக்கு, ஓரத்தில் இருக்கிறவன் வேடிக்கை மட்டும் என்று செமஸ்டரை ஓட்டின எல்லோருக்கும் இதோட அருமை புரியும்.

ஆனா அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதி முடிச்சிடுச்சு. 'ஆகாஷா? அந்த டச் வேலை செய்யாத டேப்லெட்தானே!' முதல் பதிப்புக்கு கிடைத்த பெயரே ரெண்டாவது பதிப்பு மேலயும் ஒட்டிக்கிச்சு. அடுத்த தலைமுறை ஆகாஷுக்கான வரையறைகளும் 2013-ல் வெளியாயின. அரசுத் திட்டம் மூலமா அது மாணவர்கள் கைக்கு வந்து சேரலை.

முதல் பதிப்பில் முத்தெடுத்தவங்க யாரு?

'உலகத் தரத்தில் செய்தா நாங்க ஏன் சார் திட்டப் போறோம்?' என்று ஒரு குரல் கேட்குது. வாங்க, உலகத் தரத்தோட பிறந்தநாள் போட்டோவைப் பார்ப்போம்.

2007-ல் வந்த முதல் ஐஃபோன். 3ஜி கிடையாது. வீடியோ எடுக்க முடியாது. ஆப் ஸ்டோரே கிடையாது, அது 2008-ல்தான் வந்தது. காப்பி-பேஸ்ட்? நம்ம அசைன்மென்ட்டுகளின் உயிர்நாடியான அந்த வசதி 2009 வரைக்கும் ஐஃபோனில் இல்லைங்க!

2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு ஃபோன், ஹெச்.டி.சி.யின் ஜி1. திரையில் கீபோர்டு வராது. ஒரு எழுத்து அடிக்கணும்னாலும் ஃபோனைத் திறந்து உள்ளே இருக்கும் நிஜ கீபோர்டில்தான் தட்டணும். வழக்கமான ஹெட்ஃபோனைச் சொருக ஓட்டையும் கிடையாது. திரைக் கீபோர்டு 2009-ல் ஆண்ட்ராய்டு 1.5-ல்தான் வந்தது.

இன்னும் பின்னாடி போகலாமா? 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசுப் பையன் லினக்ஸை வெளியிட்டான். 1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டேனன்பாம் அதைக் காலாவதியான டிசைன் என்று வெளிப்படையா விமர்சித்தார். ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பருக்கு நாம புரட்டுகிற புத்தகங்களில் ஒண்ணை எழுதினவர் அவர்! கெர்னலை ஒரே கட்டியா கட்டியது தப்பு, ஒரே வகை பிராசஸரோடு கட்டிப் போட்டது தப்பு, என் மாணவனா இருந்திருந்தா இந்த டிசைனுக்கு நல்ல மார்க் கிடைச்சிருக்காது என்கிற ரேஞ்சில் கிழிச்சார்.

பையன் என்ன செய்தான்? சண்டை போட்டான், அப்புறம் உட்கார்ந்து வேலையைப் பார்த்தான். அடுத்தடுத்த பதிப்புகளில் லினக்ஸ் வேறு வேறு பிராசஸர்களுக்கும் போனது. இன்னிக்கு உங்க ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு அடியில் ஓடுறது அதே லினக்ஸ் கெர்னல்தான்.

பேராசிரியர் சொன்ன குறைகள் எல்லாம் பொய்யா? இல்லை. அன்னிக்கு லினக்ஸ் நிஜமாவே ஒரே வகை பிராசஸரில்தான் ஓடியது. குறை உண்மை. தீர்ப்புதான் தப்பு. நான் சொல்ல வர்ற மேட்டரே இதுதான் மக்களே! குறை சொல்றது வேற, 'இது தேறாது' என்று முடிச்சுக் கட்டுறது வேற.

குற்றச்சாட்டு 2: 'காப்பி ஓ.எஸ்.!'

இப்போ ரெண்டாவது கட்சிக்காரர். 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் அறிமுகம். உருவாக்கியது ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம். அதை வளர்த்துவிட்டது ஐ.ஐ.டி. மெட்ராஸின் பிரவர்த்தக் அமைப்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் இயக்குநர் வி.காமகோடி முன்னால் நின்று விளக்கினார்.

என்ன ஸ்பெஷல்? ஃபோனை வாங்கும்போதே கூட ஒட்டிட்டு வர்ற ஆப்கள் இதில் இல்லை. உங்களுக்கு எது வேணுமோ அதை மட்டும் போட்டுக்கலாம். அந்தந்த அமைப்பு சரிபார்த்து அனுமதித்த ஆப்கள் மட்டும் இருக்கிற தனிக் கடை உண்டு. ரகசியத் தகவல்களைக் கையாளும் அமைப்புகளுக்குத்தான் முதலில் தரப்போறோம் என்று அறிவிப்பிலேயே சொல்லிட்டாங்க.

உடனே கிளம்பியது கச்சேரி. 'இது ஆண்ட்ராய்டுதானே? பேரை மாத்தி ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க!'

ஆமாங்க, அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் குறியீடுதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கு? உபுண்டு எதன் மேல் நிற்கிறது? டெபியன் மேல். அமேசானின் ஃபயர் டேப்லெட்டில் பல வருஷமா ஓடிய ஃபயர் ஓ.எஸ். எதன் மேல் நின்றது? இதே ஆண்ட்ராய்டு திறந்த மூலத்தின் மேல். அந்த ஆண்ட்ராய்டு எதன் மேல் நிற்கிறது? கூகுள் எழுதாத லினக்ஸ் கெர்னல் மேல். ஓப்பன் சோர்ஸ் என்றாலே 'எடுத்துக்கோ, மாத்து, உனக்கேத்த மாதிரி கட்டிக்கோ' என்பதுதானே அர்த்தம்? பாட்டி போட்ட கோலத்தில் ரெண்டு புள்ளி கூட்டிப் போட்டா அது திருட்டா?

ஆப்களைத் தூக்கினது மட்டும்தான் புதுமையா என்று இளப்பமா கேட்கிறவங்களுக்கு ஒரு நியூஸ். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஃபோன் தயாரிக்கிற நிறுவனங்கள் கூகுளின் ஆப் மூட்டை முழுவதையும் சேர்த்தே போட்டாகணும் என்கிற ஒப்பந்தம் நியாயமில்லை என்பது அந்த உத்தரவின் முக்கியமான பகுதி. 2023 ஜனவரியில், பார்ஓஎஸ் வந்த அதே மாசத்தில், அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அபராதத்தை 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதி செய்தது, சில நிபந்தனைகளை மட்டும் தளர்த்தியது. ஆக, 'ஒட்டிட்டு வர்ற ஆப் வேண்டாம்' என்பது சின்ன விஷயம் இல்லை. ஆயிரம் கோடி ரூபாய் வழக்கு!

சரி, காப்பியில் ஆரம்பிச்சவன் கடைசி வரைக்கும் காப்பிதானா? சீனாவைப் பாருங்க. 2019-ல் அமெரிக்கத் தடை வந்ததும், ஹுவாவே நிறுவனத்தின் புது ஃபோன்களில் கூகுள் சேவைகள் இல்லாமல் போச்சு. அதே வருஷம் ஆகஸ்டில் ஹார்மனி ஓ.எஸ்.ஸை அறிவித்தாங்க. 2021-ல் அது ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் வந்தப்போ விமர்சகர்கள் பிரித்துப் பார்த்துட்டு சொன்னது என்ன? 'அட, உள்ளே ஆண்ட்ராய்டு!' உண்மைதான். ஆனா அவங்க நிறுத்தலை. 2024 அக்டோபரில் வந்த ஹார்மனி நெக்ஸ்டில் ஆண்ட்ராய்டு குறியீடே இல்லை. ஆண்ட்ராய்டு ஆப் அதில் நேரடியா ஓடவும் ஓடாது. காப்பியில் ஆரம்பித்து சொந்தக் காலுக்கு வர அஞ்சு வருஷம் ஆச்சு. அஞ்சு வருஷம் விடாம பணமும் ஆளும் போட்டாங்க என்பதுதான் அதில் பாடம்.

எதிர்த்தரப்புக்கு ஒரு சல்யூட்

வக்கீல்னா கட்சிக்காரர் பண்ணினதை எல்லாம் நியாயப்படுத்தணும்னு சட்டம் இல்லை. விமர்சகர்கள் சொன்னதில் சரியானவையும் இருக்கு.

ஆகாஷ் விஷயத்தில், என்ன தரத்தில் சோதிக்கணும் என்பதிலேயே தயாரிப்பாளருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இழுபறி. சொன்ன தேதிக்குச் சரக்கு வரலை. ஆகாஷ் 2 சீனாவில் தயாரானதா என்று ஒரு சர்ச்சை. முன்பதிவு செய்துட்டு காத்துக் கிடந்தவங்களோட கோபம் நூத்துக்கு நூறு நியாயம். பார்ஓஎஸ் விஷயத்தில், வெளியிட்டப்போ மூலக் குறியீட்டை எல்லோரும் பார்க்கிற மாதிரி தரலை. 'பாதுகாப்பானது என்று சொல்றீங்க, திறந்து காட்டுங்க பார்ப்போம்' என்று கேட்டவங்க கேட்டது கரெக்ட். ஓப்பன் சோர்ஸில் வாங்கின கை, திருப்பிக் கொடுக்கவும் பழகணும்.

இந்த மாதிரி கேள்விகள் பத்து வந்தாலும் நல்லதுதான். ஏன்னா அதுக்குப் பதில் சொல்ல முடியும், சரி செய்ய முடியும். 'மொக்கை' என்பதை எந்த இன்ஜினீயரால் சரி செய்ய முடியும் சொல்லுங்க?

மறந்து போன சிம்ப்யூட்டர்

ஆகாஷுக்கு ஒரு அண்ணன் உண்டு. பேரு சிம்ப்யூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து 2001-ல் அறிமுகப்படுத்திய கையடக்கக் கருவி. லினக்ஸில் ஓடும். ஸ்டைலஸால் தொட்டு இயக்கலாம். ஒரு ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் சொருகினா கருவி அவங்களோடதா மாறிடும் என்பது ஐடியா. 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதில் அசைவை உணரும் சென்சார் இருந்தது. கையை லேசா ஆட்டினா பக்கம் திரும்பும். ஐஃபோன் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி!

ஆனா விலை சுமார் 10,000 ரூபாயில் ஆரம்பித்தது. ஏழைக்கான கம்ப்யூட்டருக்கு இந்த விலையா என்று கேட்டாங்க. கேட்டது நியாயம்தான். விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டலை. விலையைக் குறைக்க அடுத்தடுத்த பதிப்பும் பெரிய ஆர்டரும் வேணும். ரெண்டும் கிடைக்கலை. கதை முடிஞ்சது. ஏழு வருஷம் கழிச்சு ஆகாஷில் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிச்சோம்.

விடாம பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும் என்பதற்கும் நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். 2011-ல் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. வாங்கின கையோட அதை அழிச்சுட்டு 'இதெல்லாம் ஒரு ஓ.எஸ்.ஸா' என்றவங்க எத்தனை பேர்! ஆனா டீம் விடலை. பத்தாவது பதிப்பு வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க.

பாண்டிச்சேரிக்காரங்க பிரான்ஸை இழுக்காம ஒரு கட்டுரையை முடிச்சா ஊர்ல சேர்த்துக்க மாட்டாங்க. அதனால இதையும் கேளுங்க. 1982-ல் பிரான்ஸ் அரசின் தொலைபேசித் துறை, மினிடெல் என்ற குட்டித் திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவியை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. டெலிபோன் டைரக்டரிக்குப் பதிலா. பார்க்க அழகா? இல்லை. படம் காட்டுமா? எழுத்தும் கட்டம் கட்டமான உருவங்களும்தான். ஆனா ரயில் டிக்கெட், பேங்க் கணக்கு, அரட்டை என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் இன்டர்நெட் பரவுவதற்கு முன்னாடியே ஆன்லைனில் வாழ்ந்தாங்க. 2012 ஜூன் 30-ம் தேதிதான் அதை மூடினாங்க. முப்பது வருஷம்! அரசு கொடுக்கிற கருவின்னாலே ஓடாது என்று சொல்றவங்க ரூ டூமா பக்கம் நடந்து போகும்போது இதை நினைச்சுக்குங்க.

2020-ல் யார் தோத்தது?

'சரி, ஒரு டேப்லெட் நின்னு போச்சு. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?'

ஆகாஷ் வந்தப்போ நான் ஒண்ணாங்கிளாஸ். லாக்டவுன் வந்து ஆன்லைன் கிளாஸ் ஓடினப்போ டென்த். வைத்திக்குப்பத்தில் என் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் வீட்டில் அப்பா, அம்மா, தங்கச்சி, அவன். நாலு பேருக்கு ஒரே ஃபோன். அப்பா கடலுக்குப் போனா ஃபோனும் கடலுக்குப் போயிடும். கரைக்கு வந்து சார்ஜ் போட்டு அவன் கையில் கிடைக்கும்போது, கிளாஸ் முடிஞ்சு நோட்ஸ் மட்டும் வந்து கிடக்கும். தங்கச்சிக்கும் கிளாஸ் இருந்தா அதுவும் பாதிதான். அந்த வருஷம் பரீட்சை இல்லாமலே எல்லோரும் பாஸ். ஆனா பாடம்? மேத்ஸ் குரூப் எடுத்து இன்ஜினீயரிங் வரணும்னு என்கிட்ட சொல்லிட்டிருந்தவன், 'ஒண்ணுமே புரியலடா, பயமா இருக்கு' என்று வேற குரூப்புக்குப் போயிட்டான். என்னைவிட நல்லா கணக்குப் போடுறவன் அவன்.

ஆகாஷ் மட்டும் தொடர்ந்திருந்தா 2020-ல் ஏழாவதோ எட்டாவதோ பதிப்பில் இருந்திருக்கும். அது எப்படி இருந்திருக்கும்னு யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வீட்டில் ரெண்டாவது திரை என்பது, 29,500 ரூபாய் டேப்லெட்டைக் கையில் வைச்சுக்கிட்டு ரிவ்யூ எழுதினவருக்கு தேவைப்படலை. வைத்திக்குப்பத்தில் தேவைப்பட்டது. அவன் எழுதியிருக்க வேண்டிய ரிவ்யூவை யாரும் கேட்கவே இல்லை.

அதான் என் வாதத்தின் அடிநாதம். ஒரு கருவியை யாருக்காக செய்தாங்களோ, அவங்க கையில் வைச்சுப் பார்க்காம எழுதுற ரிவ்யூ, சாப்பிடாமலே 'உப்பு கம்மி' என்று சொல்ற மாதிரி.

ரிவ்யூ எழுதப் போறீங்களா? நாலு கேள்வி!

நாளைக்கே ஒரு புது இந்திய டேப்லெட் வரலாம், ஒரு புது ஓ.எஸ். வரலாம். நம்ம காலேஜ் சிம்போசியத்திலேயே ஒரு ஜூனியர் டீம் கட்டின ரோபோ வரலாம். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த நாலை மட்டும் கேட்டுக்குங்க.

ஒண்ணு: இது யாருக்காக? பதில் 'எனக்காக இல்லை' என்றால், யாருக்காகவோ அவங்களைத் தேடிப் போய் கையில் கொடுத்துட்டு எழுதுங்க.

ரெண்டு: இந்த விலையில் வேற என்ன கிடைக்குது? பத்து மடங்கு விலையுள்ளதோட ஒப்பிடாதீங்க. ஒண்ணுமே கிடைக்கலைன்னா, ஒப்பிட வேண்டியது 'ஒண்ணுமே இல்லாமை'யோடதான்.

மூணு: குறையை ஒரு வரியில் துல்லியமா சொல்ல முடியுமா? 'ஸ்லோ' என்பது புலம்பல். 'பி.டி.எஃப். திறக்க இத்தனை செகண்ட் ஆகுது' என்பது தகவல்.

நாலு: அடுத்த பதிப்பை எடுத்துப் பார்த்தீங்களா? முதல் செமஸ்டர் மார்க்கை வைச்சே கடைசி வரைக்கும் உங்களை எடை போட்டா சும்மா இருப்பீங்களா?

இதில் நம்ம சுயநலமும் இருக்கு பாஸ். இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்தில் நம்ம பேட்சில் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒண்ணைக் கட்டுவோம். முதல் பதிப்பு நிச்சயமா சொதப்பும். அப்போ சுத்தி நின்னு சிரிக்கிற கூட்டம் வேணுமா, 'இங்கே இடிக்குது, இதைப் பாரு' என்று தோளில் கை போடுற கூட்டம் வேணுமா? அதை முடிவு பண்ற இடம் இப்போ நாம உட்கார்ந்திருக்கிற கேன்டீன் பெஞ்சுதான்.

கிழிக்கணுமா? தாராளமா கிழிங்க. கிழிஞ்ச இடத்தைச் சாக்பீஸால் அடையாளம் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க. தைக்கிறவனுக்கு உதவும்!